சேர்வோர் பலர், நிலைப்போர் சிலர்: உடற்பயிற்சிக் கூடத்தில் முதல் ஆறு வாரங்கள்

'சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும்' என்ற பழமொழியை ஒரு முறையாவது எழுதாமல் தமிழ்ப்பள்ளியை விட்டு வெளியேறியவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. ஆறாம் ஆண்டில் 'உடற்பயிற்சியின் நன்மைகள்' என்று கட்டுரை எழுதினோம். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதையே மலாய் மொழியில் எழுதினோம். பிறகு ஆங்கிலத்திலும் எழுதினோம். மூன்று மொழிகளிலும் நன்மைகளைப் பட்டியலிடத் தெரிந்த நமக்கு, அந்தப் பயிற்சியை மூன்று மாதம் தொடர்ந்து செய்வதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

ஒவ்வொரு செமஸ்டரின் தொடக்கத்திலும் பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடம் திருவிழாக் கூட்டம்போல் இருக்கும். புதுக் காலணி, புதுத் தண்ணீர்ப் புட்டி, புது உற்சாகம். எட்டாவது வாரம் போய்ப் பார்த்தால் பழைய முகங்கள் மட்டுமே இருக்கும். இரண்டு செமஸ்டர்களாக அந்தக் கூடத்தின் முகப்பில் பகுதிநேரமாக அமர்ந்து பெயர் பதிந்து வருகிறேன். வந்தவர்களின் பட்டியல் வாரத்திற்கு வாரம் சுருங்குவதைக் காணும்போது, 'இவர்கள் எல்லாரும் சோம்பேறிகளா?' என்ற கேள்வி எழுவது இயல்பு. இல்லை என்பதே என் பதில். அதிகாலை வரை விழித்திருந்து இடுபணியை முடித்து, எட்டு மணி விரிவுரைக்கும் வந்து நிற்கும் மாணவனைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. அவனுக்கு மனவுறுதி உண்டு. பழக்கம் எப்படி உருவாகிறது என்பதை மட்டும் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகளுக்கும், அவர்களுக்குக் கைகொடுக்கக்கூடிய அண்ணன் அக்காமார்களுக்கும் அதைச் சொல்லவே இக்கட்டுரை.

இது ஏன் நம் கவலை?

மலேசியச் சுகாதார அமைச்சு 2023-ஆம் ஆண்டு நடத்திய தேசிய ஆய்வின்படி, நாட்டின் வயது வந்தோரில் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் இருக்கிறது. இனவாரியாகப் பார்க்கும்போது, இந்தியர்களிடையேதான் நீரிழிவின் விகிதம் உயர்ந்து நிற்கிறது என்பதை அமைச்சின் ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டி வந்துள்ளன. புள்ளிவிவரம் வேண்டாம் என்றால், நம் வீட்டு விருந்தைப் பாருங்கள். சீனி இல்லாத தேநீர் கேட்கும் மாமாக்கள் எத்தனை பேர்? கால் புண் ஆறாமல் மருத்துவமனைக்கு அலைந்த பாட்டி எந்தக் குடும்பத்தில் இல்லை?

உடற்பயிற்சிக்கும் சர்க்கரைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. நாம் உண்ணும் உணவிலிருந்து வரும் குளுக்கோசின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்பவை தசைகளே. அமர்ந்திருக்கும் தசை அதை எடுத்துக்கொள்ள இன்சுலினின் துணை வேண்டும். இயங்கும் தசையோ இன்சுலினின் துணையில்லாமலும் இரத்தத்திலிருந்து குளுக்கோசை இழுத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்த பிறகும் அடுத்த ஒரு நாள் அளவுக்குத் தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கும். ஆனால் இந்தப் பலன் இரண்டு, மூன்று நாளில் தேய்ந்துவிடும். ஒரு மாதம் வெறித்தனமாகப் பயிற்சி செய்து பிறகு பதினோரு மாதம் படுத்துக்கொள்வதால் பயனில்லை என்பதற்குக் காரணம் இதுதான். இங்கே அளவைவிடத் தொடர்ச்சியே முக்கியம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி, வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும். கேட்பதற்குச் சிறிய அளவுதான். நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து செய்வதுதான் கடினம். அதற்கான அடித்தளத்தை இருபது வயதில் போடுவதா, முதல் மாத்திரையை விழுங்கிய பிறகு நாற்பது வயதில் போடுவதா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

பணம் கட்டினால் வந்துவிடுவோமா?

'காசு கட்டிவிட்டால் காசுக்காகவாவது போவேன்' என்று நண்பர்கள் சொல்வதுண்டு. வணிக உடற்பயிற்சி நிலையங்களில் ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் பலரின் கணக்கும் இதுவே. இந்தக் கணக்கை ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்க மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் சோதித்துப் பார்த்தனர். அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சி நிலையங்களின் 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை ஆராய்ந்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். மாதச் சந்தாவாக 70 டாலருக்கு மேல் செலுத்தியவர்கள், மாதத்திற்குச் சராசரியாக 4.3 முறைதான் வந்திருந்தனர். அதாவது ஒவ்வொரு வருகைக்கும் அவர்கள் கொடுத்த விலை 17 டாலருக்கு மேல். அதே நிலையத்தில் பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர்தான் ஆகியிருக்கும்.

பணம் கட்டுகிற நாளில் நமக்குள் இருக்கும் மனிதன் வேறு. மழை பெய்யும் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு நமக்குள் இருக்கும் மனிதன் வேறு. முதலாமவன் போடுகிற திட்டத்தை இரண்டாமவன்தான் நிறைவேற்ற வேண்டும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஆகவே புதியவர்களுக்கு முதல் அறிவுரை: நீண்ட ஒப்பந்தத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். மாணவர் கட்டணத்தில் கிடைக்கும் பல்கலைக்கழகக் கூடமே தொடங்குவதற்குப் போதும். இரண்டு மாதம் நிலைத்த பிறகு வேறு இடத்தைப் பற்றி யோசிக்கலாம்.

ஊக்கம் வேறு, பழக்கம் வேறு

ஊக்கம் என்பது அடுப்பில் பற்றவைத்த காகிதம். சடசடவென்று எரிந்து அணைந்துவிடும். பழக்கம் என்பது கரி; பற்றிக்கொள்ள நேரமாகும், பற்றிய பின் நின்று எரியும். காலையில் எழுந்ததும் பல் துலக்க நமக்கு யாரும் ஊக்கவுரை ஆற்றுவதில்லை. எழுவது, குளியலறைக்குப் போவது, தூரிகையை எடுப்பது என ஒன்று அடுத்ததைத் தானாக இழுத்து வருகிறது. ஒரே சூழலில், ஒரே தூண்டுதலுக்குப் பின், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால் மூளை அதை யோசனையின்றிச் செய்யக் கற்றுக்கொள்கிறது. உளவியலாளர்கள் பழக்கம் என்று சொல்வது இதைத்தான்.

இதற்கு எத்தனை நாள் பிடிக்கும்? '21 நாள்' என்று தன்முனைப்புப் பேச்சாளர்கள் மேடைதோறும் முழங்குவதைக் கேட்டிருப்போம். இந்த எண்ணின் பிறப்பிடம் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் 1960-இல் வெளியிட்ட ஒரு நூல். அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளிகள் தங்கள் புதிய தோற்றத்துக்குப் பழக ஏறத்தாழ 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்து எழுதினார். உடற்பயிற்சிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் இதை முறையாக ஆராய்ந்தனர். 96 பேர் ஆளுக்கொரு புதிய செயலைத் தேர்ந்தெடுத்து 84 நாள் கடைப்பிடித்தனர். செயல் பழக்கமாக மாற நடுநிலையாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல், இது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறும் என்று அவர்கள் கணித்தனர். தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்கள் விரைவில் படிந்தன. உடற்பயிற்சிக்குக் கூடுதல் காலம் தேவைப்பட்டது. '21 நாள் செய்தேன், இன்னும் சுமையாகவே இருக்கிறது, எனக்கு இது ஒத்துவராது' என்று விலகும் தம்பிக்கு இதைச் சொல்ல வேண்டும். அவனிடம் எந்தக் கோளாறும் இல்லை; அவனுக்குச் சொல்லப்பட்ட எண்தான் கோளாறு.

நம் தலைப்புக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று 2015-இல் கனடாவிலிருந்து வெளிவந்தது. நவின் கௌஷல், ரயன் ரோட்ஸ் ஆகிய இருவரும், உடற்பயிற்சிக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த 111 பேரை 12 வாரம் பின்தொடர்ந்தனர். வாரத்திற்கு நான்கு முறையாவது, ஆறு வாரம் வந்தவர்களிடம்தான் பழக்கம் வேரூன்றியது என்று கண்டனர். யாரிடம் பழக்கம் வலுப்பட்டது என்பதற்கு நான்கு காரணங்கள் முன்னின்றன: மாறாத நேரமும் முறையும், பயிற்சியின் எளிமை, இடம் வசதியாகவும் இதமாகவும் இருப்பது, செய்வதில் கிடைக்கும் மகிழ்ச்சி. எவ்வளவு பளு தூக்கினார்கள், எவ்வளவு வியர்வை சிந்தினார்கள் என்பது இந்தப் பட்டியலில் இல்லை. ஆறு வாரம், வாரத்திற்கு நான்கு முறை. மொத்தம் 24 வருகை. புதியவரின் முதல் இலக்கு இந்த 24-தான். எடை குறைவதும் தோள் விரிவதும் அதற்குப் பிறகு.

விரதத்திலிருந்து ஒரு பாடம்

ஆறு வாரம் என்பது நமக்குப் புதிய அளவன்று. தைப்பூசத்திற்குக் காவடி எடுப்போர் 48 நாள் விரதம் இருப்பது மரபு. சபரிமலைக்கு மாலை போடுவோருக்கு 41 நாள். வாரம் ஏழு நாளும் கறி இல்லாமல் சாப்பாடு இறங்காத அண்ணன்கள், அந்த நாள்களில் விடியற்காலையில் குளித்து, ஒரு வேளை சைவம் உண்டு, தரையில் படுத்து உறங்குவதைப் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு அந்த உறுதி எங்கிருந்து வந்தது?

பக்தி முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. அதோடு விரதத்தின் அமைப்பையும் கவனியுங்கள். தொடங்கும் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. செய்ய வேண்டியவை சில, அவையும் தெளிவானவை. குளிக்கும் நேரம், வழிபடும் நேரம் மாறுவதில்லை. கழுத்தில் இருக்கும் மாலையைக் காண்பவர் அனைவருக்கும் செய்தி தெரியும். யாரும் கோழிக்கறியைத் தட்டில் வைக்கமாட்டார்கள். கூடவே விரதம் இருக்கும் தோழர்கள் இருக்கிறார்கள். தினந்தோறும் முடிவெடுக்க வேண்டிய சுமையை இந்த அமைப்பே தாங்கிக்கொள்கிறது.

ஆனால் ஒரு வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. விரதத்துக்கு முடியும் நாள் உண்டு. நேர்த்திக்கடன் தீர்ந்து மாலையைக் கழற்றியதும் பழைய வாழ்க்கை திரும்பிவிடும். அதில் தவறேதும் இல்லை, விரதத்தின் நோக்கமே அதுதான். உடற்பயிற்சியையும் பலர் விரதம்போல் மேற்கொள்கிறார்கள் என்பதுதான் சிக்கல். 'அக்கா கல்யாணத்துக்குள் பத்து கிலோ', 'தீபாவளிச் சட்டைக்கு முன் வயிறு குறைய வேண்டும்' என்று தேதி குறித்துக்கொண்டு வருகிறவர், தேதி கடந்ததும் வருவதற்குக் காரணமின்றி நிற்கிறார். விரதத்தின் அமைப்பை எடுத்துக்கொள்வோம். அதன் முடிவுத் தேதியை மட்டும் விட்டுவிடுவோம்.

செமஸ்டர் நாட்காட்டியில் ஆறு வாரம்

நம் அரசு பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் ஒரு செமஸ்டருக்கு 14 வாரம் விரிவுரை. நடுவில் ஒரு வாரம் விடுமுறை. முதல் வாரத்திலேயே தொடங்கினால், இடுபணிகளும் இடைத்தேர்வும் நெருக்கும் முன்பே 24 வருகையை முடித்துவிடலாம். நான்காம் வாரத்தில் தொடங்குபவருக்கு, பழக்கம் வேரூன்ற வேண்டிய நேரத்தில் விடுமுறை வந்து குறுக்கே நிற்கும். ஆகவே கூடத்தில் சேர மிகச் சிறந்த நாள் முதல் வாரத்துத் திங்கட்கிழமை.

முதலில் ஒரு வரி எழுதுங்கள். எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்பது அதில் இருக்க வேண்டும். இந்த ஒரு வரியின் ஆற்றலைச் சாரா மில்னும் சகாக்களும் இங்கிலாந்தில் 248 மாணவர்களிடம் சோதித்து 2002-இல் வெளியிட்டனர். எந்தத் தூண்டுதலும் தரப்படாத குழுவில் 38 விழுக்காட்டினர் அடுத்த வாரத்தில் குறைந்தது 20 நிமிடம் தீவிர உடற்பயிற்சி செய்தனர். உடற்பயிற்சியின் நன்மைகளைப் படித்த குழுவில் 35 விழுக்காட்டினர். நன்மைகளைப் படித்ததோடு எப்போது, எங்கே செய்வோம் என்றும் எழுதி வைத்த குழுவில் 91 விழுக்காட்டினர். நாம் மூன்று மொழிகளில் எழுதிய நன்மைக் கட்டுரைகள் ஏன் நம்மை அசைக்கவில்லை என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

நம் விரிவுரை அட்டவணை நாளுக்கு நாள் மாறுவதால் 'ஐந்து மணிக்கு' என்று எழுதுவது பலருக்கு ஒத்துவராது. கடிகாரத்துக்குப் பதிலாக ஒரு நிகழ்வைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 'திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி நாள்களில் கடைசி விரிவுரை முடிந்ததும் நேராகக் கூடத்துக்குப் போவேன்.' இதில் உயிர்நாடியான சொல் 'நேராக' என்பதுதான். விடுதி அறைக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு வருகிறேன் என்றால், பையோடு சேர்த்து உடலையும் கட்டிலில் வைத்துவிடுவோம். காலணியும் மாற்றுச் சட்டையும் காலையிலேயே பைக்குள் போக வேண்டும். மழைக்காக ஒரு குடையும்.

முதல் இரண்டு வாரங்களுக்கு 30 நிமிடம் போதும். இரண்டு நாள் தசைப் பயிற்சி, இரண்டு நாள் ஓடுபொறியில் வேக நடையோ மிதிவண்டியோ. இப்படி நான்கு நாளில் 120 நிமிடம் ஆகிவிடும்; விடுதிக்கும் வகுப்புக்கும் வேகமாக நடந்தால் 150 தானாகவே நிறையும். தசைப் பயிற்சி நாளில் ஐந்து நிமிடம் உடலைச் சூடேற்றி, நான்கு அசைவுகள் மட்டும் செய்யுங்கள்: உட்கார்ந்து எழும் ஸ்குவாட், ஏதாவது ஒன்றைத் தள்ளுவது, ஏதாவது ஒன்றை இழுப்பது, முழங்கையூன்றி உடலைப் பலகைபோல் நிறுத்துவது. தள்ளுவதிலும் இழுப்பதிலும் 10 முதல் 12 முறை செய்து முடிக்கும்போது, 'இன்னும் இரண்டு மூன்று முறை முடியும்' என்று தோன்றும் பளுவே சரியான பளு. இரண்டு தசைப் பயிற்சி நாள்களுக்கு இடையே ஒரு நாளாவது இடைவெளி இருக்கட்டும்.

'இவ்வளவு குறைவாகவா?' என்று கேட்கலாம். பழகாத உடல் கடுமையாக உழைத்தால் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தசைவலி உச்சத்துக்குப் போகும். திங்கட்கிழமை ஆவேசமாகச் செய்தவர் புதன்கிழமை படியிறங்க முடியாமல் நடப்பது இதனால்தான். இது லாக்டிக் அமிலம் தேங்குவதால் வருவதென்று பலர் நம்புகிறார்கள். அந்த அமிலம் பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்தில் நீங்கிவிடும். தசைநார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவும் அதைச் சீர்செய்யும் வேலையுமே வலிக்குக் காரணம். இலேசான வலி இயல்பானது, அடுத்தடுத்த முறைகளில் குறைந்துவிடும். ஆனால் கடும் வலியோடு வீக்கம் இருந்து, சிறுநீர் கோப்பி ஓ நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அது தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலையின் அறிகுறி. பயிற்சியின்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வருபவரும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவரும் பல்கலைக்கழக மருந்தகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

மூன்றாம், நான்காம் வாரங்களில் பளுவைச் சிறிது கூட்டலாம். இந்தக் கட்டத்தில் திடீரென வலிமை கூடியதுபோல் தோன்றும்; கண்ணாடியிலோ மாற்றம் எதுவும் தெரியாது. முதல் சில வாரங்களில் கூடும் வலிமை பெரும்பாலும் நரம்புகள் தசைகளை ஒழுங்காக இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை கண்ணுக்குத் தெரிய வளர்வதற்கு இரண்டு மாதமாவது ஆகும். ஆகவே இந்த ஆறு வாரமும் கண்ணாடியைப் பார்க்காதீர்கள். நாட்காட்டியில் எத்தனை கட்டங்களை நிரப்பினீர்கள் என்று மட்டும் பாருங்கள்.

ஐந்தாம், ஆறாம் வாரங்கள்தான் சோதனைக் காலம். புதுமை தீர்ந்திருக்கும், பலன் இன்னும் தெரியாது, இடுபணிகள் குவியத் தொடங்கும். இந்த வாரங்களுக்கென்று ஒரு குறைந்தபட்ச அளவை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். 'முடியாத நாளில் பத்து நிமிடம். அதுவும் முடியாவிட்டால் போய்ப் பெயர் பதிந்து, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவேன்' என்பதுகூட ஒரு திட்டம்தான். அன்று தசை வளராது. ஆனால் கால் அந்த வழியை மறக்காது.

தவறிய நாளுக்கு ஒரு திட்டம்

காய்ச்சல் வரும், கலைவிழா ஒத்திகை வரும், பேருந்து வராது. தவறாத மனிதர் எவருமில்லை. லாலியின் ஆய்வில், ஒரு நாள் தவறவிட்டது பழக்கம் உருவாவதை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. பாதிப்பது தவறிய நாளன்று. அதற்கு அடுத்த நாள் நாம் சொல்லிக்கொள்ளும் 'எல்லாம் போய்விட்டது, அடுத்த செமஸ்டரில் பார்ப்போம்' என்ற வாக்கியம்.

2021-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பெரிய சோதனையின் முடிவை வெளியிட்டனர். ஓர் உடற்பயிற்சி நிலையத் தொடரின் 61,293 உறுப்பினர்களிடம், 54 வகையான நான்கு வாரத் திட்டங்களை ஒரே நேரத்தில் சோதித்தனர். நினைவூட்டல், ஊக்க வாசகம், சிறு பரிசு என்று எத்தனையோ உத்திகள். அவற்றில் முதலிடம் பிடித்தது, பயிற்சியைத் தவறவிட்டவர் அடுத்த முறை திரும்பி வந்தால் சில காசு மதிப்புள்ள கூடுதல் புள்ளிகள் தரும் திட்டம். வாராந்தர வருகையை அது 27 விழுக்காடு உயர்த்தியது. நான்கு வாரம் முடிந்து பரிசுகள் நின்றதும் பெரும்பாலான திட்டங்களின் பலன் கரைந்தது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடங்கள் இரண்டு. திரும்பி வருவதைப் பாராட்ட வேண்டும். பரிசை மட்டும் நம்பக் கூடாது.

'தொடர்ந்து இரண்டு முறை தவறக் கூடாது' என்ற ஒரே விதி போதும். ஒரு முறை தவறினால் அது நிகழ்ச்சி. இரண்டாம் முறை தவறினால் அதுவே இன்னொரு பழக்கத்தின் தொடக்கம்.

அண்ணன் அக்காமார்களுக்கு

புதியவர் விலகுவதற்கு நேரமின்மையைக் காட்டிலும் பெரிய காரணம் ஒன்று உண்டு என்பதை முகப்பில் அமர்ந்திருந்து கவனித்திருக்கிறேன். அது கூச்சம். எந்த இயந்திரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியாது. கேட்டால் சிரிப்பார்களோ என்ற பயம். கண்ணாடி முன் பத்துப் பேர் நிற்க, நடுவில் போய் இரண்டு கிலோ டம்பெலை எடுக்கக் கை வருவதில்லை. தங்கைகளுக்கு இந்தக் கூச்சம் இரு மடங்கு. ஓடுபொறியில் இருபது நிமிடம் நடந்துவிட்டு, பளுப் பகுதியை எட்டிப் பார்த்தபடியே திரும்பிப் போகும் மாணவியர் பலர்.

இந்த இடத்தில்தான் மூத்தவர்கள் உதவ முடியும். அதற்குப் பயிற்றுநர் சான்றிதழ் தேவையில்லை. முதல் வாரத்தில் கூடத்தைச் சுற்றிக் காட்டுங்கள்: காலணி எங்கே வைப்பது, இயந்திரத்தின் இருக்கையை எப்படி உயர்த்துவது, பயன்படுத்திய பின் எதைத் துடைப்பது. சிறு விஷயங்கள்தாம், தெரியாதவருக்கு அவை பெரிய மதில். கூட்டம் குறைந்த நேரம் எது, பெண்களுக்கென ஒதுக்கிய நேரம் இருந்தால் அது எப்போது என்று சொல்லுங்கள். அக்கா ஒருவர் உடன் நின்று ஸ்குவாட் செய்து காட்டினால், அந்தப் பகுதி அன்றே தங்கைக்குச் சொந்தமாகிவிடும்.

உங்கள் பயிற்சி அட்டவணையை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். மூன்று ஆண்டு பழகியவரின் அட்டவணை புதியவருக்குத் தண்டனை. புரதத்தூள் வாங்கச் சொல்லாதீர்கள். விடுதி உணவகத்தின் முட்டையும் பருப்பும் மீனும் தொடக்கக்காரருக்குத் தாராளம். உடலைப் பற்றிக் கேலி வேண்டாம். 'என்னடா, இவ்வளவு நாள் காணோம்?' என்று வரவேற்பதை விட்டு, 'வந்துவிட்டாயா, நல்லது, வா' என்று சொல்லிப் பாருங்கள். இருவர் சேர்ந்து வருவதும் நல்லதே. ஆனால் ஒருவர் வராத நாளில் மற்றவர் தனியே வரவேண்டும் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இருவரின் சாக்குப்போக்கும் ஒன்றுசேர்ந்துவிடும்.

நம் தமிழ்மொழிக் கழகங்கள் ஆண்டுதோறும் விளையாட்டு விழா நடத்துகின்றன. ஒரு நாள் ஓடிவிட்டு, மூன்று நாள் வலியோடு நடந்து, அடுத்த ஆண்டு வரை மறந்துவிடுகிறோம். அதனோடு செமஸ்டரின் தொடக்கத்தில் 'ஆறு வாரம், 24 வருகை' என்று ஒரு திட்டத்தையும் கழகம் ஏற்றுக்கொள்ளலாம். ஒரு மூத்தவருக்கு மூன்று புதியவர்கள், ஆளுக்கோர் அட்டை, வருகைக்கொரு முத்திரை. அதிக எடை குறைத்தவருக்குப் பரிசு வேண்டாம்; விடுபட்ட பின் திரும்பி வந்தவருக்குக் கைதட்டல் போதும். செலவு அட்டை அச்சடிக்கும் கூலி மட்டுமே.

பட்டம் பெற்றுச் சென்றவர்களுக்கும் ஒரு சொல்

பல்கலைக்கழகத்தில் தவறாமல் பயிற்சி செய்தவர் வேலைக்குப் போனதும் நிறுத்திவிடுவதைப் பார்க்கிறோம். வெண்டி வுட்டும் சகாக்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிச் சென்ற மாணவர்களின் பழக்கங்களை ஆராய்ந்தபோது, புதிய இடத்தின் சூழல் பழைய சூழலை ஒத்திருந்தால் உடற்பயிற்சிப் பழக்கம் தொடர்ந்தது. சூழல் மாறினால் அறுந்தது. பழக்கம் நம் மனத்தில் மட்டும் இருப்பதன்று. இடத்திலும் நேரத்திலும் ஒட்டிக்கொண்டிருப்பது. இடம் மாறும்போது அதுவும் நம்மோடு வருமென்று நம்பி இருந்துவிடக் கூடாது. புது வேலை, புது வீடு, திருமணம், குழந்தை என ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அந்த ஒரு வரியை மீண்டும் எழுத வேண்டும். மீண்டும் 24 வருகையைக் கணக்கிட வேண்டும். செமஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் மாணவருக்கும் இது பொருந்தும். தாமானில் உள்ள பூங்காவும் அதிகாலை ஏழு மணியும் போதும்.

நண்பர்களே, நம் பெற்றோரில் பலருக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. தோட்டத்தில் பால்மரம் சீவிய தாத்தா பாட்டியின் உடலுக்கு வேலையே பயிற்சியாக இருந்தது. அந்த வேலையிலிருந்து நம்மை விடுவித்துப் படிக்க வைத்தார்கள். நாற்காலியில் அமர்ந்து சம்பாதிக்கும் முதல் தலைமுறையாகப் பல குடும்பங்களில் நாம்தான் நிற்கிறோம். அந்த நாற்காலி நம் உடலைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் வழியை அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது; நாமேதான் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்துக்கொள்ள வேண்டும்.

வரும் செமஸ்டரின் முதல் வாரத்தில், இந்த இதழைப் படிக்கும் ஒவ்வொரு மூத்த மாணவரும் ஒரே ஒரு புதியவரைக் கூடத்துக்கு அழைத்துச் செல்லட்டும். எட்டாவது வாரத்தில் அவர் வரவில்லையென்றால், ஒரு குறுஞ்செய்தி அனுப்பட்டும்: 'நாளை வா.'